கைவிட்ட சுரங்கத்தில் நீர்ச்சக்கரத்தைத் தேடுவது எப்படி: மதகு முதல் வடிவாய்க்கால் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

சக்கரம் இருக்காது. வேல்ஸ், கம்பிரியா, டர்ஹம் என்று பிரிட்டனின் மலைப்பகுதிகளில் கைவிடப்பட்ட ஈய, செம்பு, துத்தநாகச் சுரங்கங்களைப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டியது இதைத்தான். சுரங்கம் மூடியதும் இயந்திரங்களை ஏலம் விட்டிருப்பார்கள். விலைபோகாத இரும்பு பிறகு உருக்கும் உலைக்குப் போயிருக்கும். மரம் மக்கியிருக்கும். நமக்குக் கிடைப்பது கல்லால் கட்டிய நீளமான, குறுகிய ஒரு குழி, புல் மூடிய வாய்க்கால் தடம், எதற்கென்று தெரியாமல் வரிசையாக நிற்கும் சில கல்தூண்கள். சக்கரத்தின் விட்டம், அது சுற்றிய திசை, அதன் குதிரைத்திறன், அது ஓட்டிய இயந்திரம் ஆகிய நான்கையும் இவற்றிலிருந்தே மீட்டுவிடலாம்.

அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. குழியில் தொடங்காதீர்கள், தண்ணீரில் தொடங்குங்கள். இந்த மலைகளில் மழைக்குக் குறைவில்லை. நிலக்கரியையோ தொலைவிலிருந்து வண்டியேற்றிக் கொண்டுவர வேண்டும். நீராவி இயந்திரம் பரவிய பிறகும் சுரங்க முதலாளிகள் நீர்ச்சக்கரத்தை விடாததற்கு இதுவே காரணம். தண்ணீர் பள்ளத்தாக்கில் நுழையும் மட்டத்துக்கும் வெளியேறும் மட்டத்துக்கும் இடையிலுள்ள உயரம்தான் அவர்களுடைய மூலதனம். அதில் ஒரு மீட்டரைக்கூட அவர்கள் சும்மா விட்டதில்லை. அந்த உயரம் எங்கெங்கே செலவானது என்று கணக்கு எழுதுவதே இந்த வேலையின் உயிர். கணக்கு இடிக்கும் இடத்தில் நாம் ஏதோ ஒரு இயந்திரத்தைத் தவறவிட்டிருப்போம், இல்லையென்றால் இரண்டு காலத்துக் கட்டுமானங்களை ஒன்றாக நினைத்திருப்போம்.

முழுதாக நிற்பதை முதலில் பாருங்கள்

இடிபாட்டைப் படிக்கும் முன் முழுமையான ஒன்றைப் பார்த்திருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. மான் தீவில் லாக்ஸி சுரங்கத்தின் பெருஞ்சக்கரம் இன்றும் நிற்கிறது. ராபர்ட் கேஸ்மென்ட் வடிவமைத்து 1854 செப்டம்பர் 27 அன்று ஓடத் தொடங்கிய இந்தச் சக்கரத்தின் விட்டம் 72 அடி 6 அங்குலம், அகலம் 6 அடி. நிமிடத்துக்கு 250 காலன் தண்ணீரை 1500 அடி ஆழத்திலிருந்து இறைத்ததாகச் சொல்வார்கள். கணக்குப் போட்டால் அந்தத் தண்ணீரைத் தூக்க மட்டுமே சுமார் 85 கிலோவாட் வேண்டும். சுரங்கம் 1929இல் மூடியது. அங்கே சக்கரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். சக்கரத்தின் சுழற்சியை முன்னும் பின்னுமான அசைவாக மாற்றும் கிராங்கிலிருந்து, சுரங்கத்துக்குள் செங்குத்தாக இறங்கும் குழியான ஷாஃப்ட் வரை வளைவுப்பாலத்தின் மேல் ஓடும் நீண்ட இழுகம்பியை நடந்து பாருங்கள். மற்ற சுரங்கங்களில் நீங்கள் தேடப்போவது அதன் தடத்தைத்தான்.

வடக்கு வேல்ஸில் கூம் பெனன்ட் பள்ளத்தாக்குக்கு மேலே கூம் கிப்ருத் செம்புச் சுரங்கம் இருக்கிறது. கார்ன்வாலின் ட்ரூரோ நகரில் செய்து கொண்டுவந்த 25 அடிச் சக்கரம், அதிலிருந்து ஷாஃப்டுக்குப் போகும் இழுகம்பி, ஷாஃப்ட் வாயில் துலா எல்லாம் ஒரே பார்வையில் தெரியும். சிறிய சுரங்கத்தின் அமைப்பு எப்படி இருந்தது என்பதற்கு லாக்ஸியைவிட இதுதான் நல்ல பாடம். தாதுவை நொறுக்கிக் கழுவும் பக்கத்தைப் பார்க்க டர்ஹமின் கில்ஹோப் ஈயச் சுரங்கத்துக்குப் போகலாம்.

ஒரு எச்சரிக்கை. சுரங்கத்தில் சக்கரம் கிடைத்தால் அது நீர்விசையில்தான் ஓடியது என்று முடிவுகட்டக் கூடாது. ஸ்பெயினின் ரியோ டின்டோ சுரங்கத்தில் ரோமானியர் 8 ஜோடிச் சக்கரங்களை அடுக்கடுக்காக வைத்து ஏறத்தாழ 30 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீரை ஏற்றினார்கள். அவற்றை மனிதர்கள் மிதித்துச் சுற்றினார்கள். வேல்ஸின் டோலைகோதி தங்கச் சுரங்கத்தில் 1935இல் கிடைத்த மரத்துண்டும் அப்படிப்பட்ட இறைப்புச் சக்கரத்தைச் சேர்ந்ததுதான். தண்ணீர் சக்கரத்தைச் சுற்றியதா, சக்கரம் தண்ணீரை இறைத்ததா என்ற கேள்வியை எப்போதும் கேட்டுவிடுங்கள்.

மலையேறும் முன் மேசை வேலை

இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டுக்கும் 19ஆம் நூற்றாண்டின் 1:2500 அளவு நிலவரைபடங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. அவற்றில் வாய்க்கால் மெல்லிய இரட்டைக் கோடாகவும், தூண்களின் மேல் தண்ணீரைக் கொண்டுபோகும் தொட்டிப்பாலம் நேர்க்கோடாகவும், சக்கரக்குழி சிறு செவ்வகமாகவும் தெரியும். ஒரே இடத்தின் இரண்டு பதிப்புகளை ஒன்றின்மேல் ஒன்று வையுங்கள். முதல் பதிப்பில் இருந்து இரண்டாவதில் காணாமல்போன வாய்க்கால், காலக்கணிப்புக்குக் கிடைக்கும் முதல் பிடி.

அடுத்தது லேசர் தரைவரைபடம், அதாவது விமானத்திலிருந்து லேசர் கதிரால் தரையின் மேடுபள்ளத்தை அளந்த படம். 1 மீட்டர் நுணுக்கம் போதும். எல்லாத் திசைகளிலிருந்தும் நிழல் விழுந்தாற்போலச் செயலாக்கிய படம் வேண்டும். ஒரே திசை நிழலில், ஒளி வரும் திசைக்கு இணையாக ஓடும் வாய்க்கால் மறைந்துபோகும்.

1872ஆம் ஆண்டுச் சட்டம் உலோகச் சுரங்கங்களை மூடும்போது வரைபடம் ஒப்படைக்க வேண்டும் என்றது. ஆனால் பூமிக்கடியில் 12 பேருக்கு மேல் வேலை பார்த்த சுரங்கங்களுக்குத்தான் அது பொருந்தியது. சின்னச் சுரங்கத்துக்கு வரைபடம் இல்லையென்றால் தொலைந்துவிட்டது என்று தேடி அலைய வேண்டாம். கிடைக்கும் வரைபடங்களும் பெரும்பாலும் அடிநிலத்தைத்தான் காட்டும். மேல்தள இயந்திரங்களுக்கு நல்ல ஆதாரம் அக்காலச் செய்தித்தாள்களின் ஏல விளம்பரங்கள். "30 அடி விட்டம், 4 அடி அகலம்" என்று சக்கரத்தின் அளவையே போட்டிருப்பார்கள், விற்க வேண்டும் அல்லவா. அந்த அளவைக் குறித்துவையுங்கள், ஆனால் குழியை அளந்து முடிக்கும்வரை அதை எடுத்துப் பார்க்காதீர்கள். முன்னமே பார்த்தால் கை தானாக அந்த எண்ணை நோக்கிப் போகும்.

அனுமதியும் ஆபத்தும்

இச்சுரங்கங்களில் பல, 1979ஆம் ஆண்டுத் தொல்சின்னங்கள் சட்டத்தின் கீழ் பட்டியலிடப்பட்டவை. அங்கே அனுமதியின்றித் தோண்டுவதும் உலோகங்காட்டியை இயக்குவதும் குற்றம். நில உரிமையாளரின் சம்மதம் தனி. இந்த வழிகாட்டியில் உள்ளவை அனைத்தும் தோண்டாமல், எதையும் பெயர்க்காமல் செய்யக்கூடியவை.

ஷாஃப்ட் வாயை அழுகிய பலகையும் மேலே வளர்ந்த புல்லும் மூடியிருக்கலாம். புனல்போலக் குழிந்த தரை தெரிந்தால் விளிம்பிலிருந்து விலகியே நில்லுங்கள். சக்கரக்குழியின் சுவர் மேலிருந்து பார்க்க உறுதியாகத் தெரியும், ஆனால் பின்னாலிருக்கும் மண் கரைந்துபோயிருக்கும். குழிக்குள் இறங்கினால் தலைக்கவசம், மேலே ஒரு காவலாள், இரண்டும் கட்டாயம். கழிவுக் குன்றுகளில் ஈயமும், செம்பு, தகரச் சுரங்கங்களில் ஆர்செனிக்கும் உண்டு. கை கழுவாமல் சாப்பிடக் கூடாது, வறண்ட நாளில் தூசி கிளப்பக் கூடாது.

அடைபட்ட வடிகால் சுரங்க வாயை ஒருபோதும் திறக்க முயலாதீர்கள். உள்ளே எவ்வளவு தண்ணீர் எந்த அழுத்தத்தில் நிற்கிறது என்பது வெளியே தெரியாது. 1992 ஜனவரியில் கார்ன்வாலின் வீல் ஜேன் தகரச் சுரங்கத்திலிருந்து தேங்கிய அமில நீர் உடைத்துக்கொண்டு வந்து ஃபால் ஆற்று முகத்துவாரத்தையே நிறம் மாற்றியது.

முதல் படி: வாய்க்காலை மேலிருந்து அளப்பது

ஓடையில் தண்ணீரைத் திருப்பிய தடுப்பணையின் இடத்தைக் கண்டுபிடியுங்கள். பெரும்பாலும் அணை வெள்ளத்தில் போயிருக்கும். கரையில் செதுக்கிய பாறை, மதகுப் பலகை இறங்கிய செங்குத்துக் காடி, கற்களில் இரும்புக் கம்பித் துளை ஏதாவது மிஞ்சும். அங்கிருந்து வாய்க்காலோடு இறங்குங்கள். 25 மீட்டருக்கு ஒரு மட்டப்புள்ளி எடுங்கள். தரைமட்டத்தை மட்டும் எடுத்தால் தவறாகிவிடும். வாய்க்காலில் நூறு வருட வண்டலும் கரிமண்ணும் நிரம்பியிருக்கும். மெல்லிய இரும்புக் கம்பியால் குத்திப் பார்த்து, களிமண் அல்லது கல் அடித்தளம் தட்டும் ஆழத்தையும் ஒவ்வொரு புள்ளியிலும் எழுதுங்கள். பட்டியலிட்ட இடமானால் இதற்கும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

இந்த வாய்க்கால்களின் சரிவு பெரும்பாலும் 1:200க்கும் 1:1000க்கும் இடையில் இருக்கும். 1:500 என்றால் 100 மீட்டருக்கு 20 சென்டிமீட்டர். மட்டங்களை வரைந்து பார்த்தால் கோடு நேராக இறங்க வேண்டும். திடீரென ஒரு படி விழுந்தால் அங்கே ஒரு சிறு சக்கரம் இருந்திருக்கலாம், அல்லது வாய்க்கால் பிற்காலத்தில் வேறு மட்டத்துக்கு மாற்றி வெட்டப்பட்டிருக்கலாம். கோடு மேலே ஏறினால் கரை சரிந்திருக்கிறது, அல்லது ஆட்டுப் பாதையை வாய்க்கால் என்று நினைத்து நடந்திருக்கிறீர்கள். இந்தப் பிசகு புதியவர்கள் எல்லோருக்கும் நடக்கும். வாய்க்காலுக்குப் பள்ளத்தாக்குப் பக்கம் வெட்டிய மண்ணால் போட்ட கரை இருக்கும். பாதைக்கு இருக்காது.

வழியில் கலிங்குகளைத் தேடுங்கள். நம் ஏரிகளில் மிகுநீர் வழிய விடுவதைப் போலவே இங்கும் கரையில் கல்பாவிய தாழ்ந்த வாய் வைத்து உபரியை ஓடைக்குத் திருப்பியிருப்பார்கள். கலிங்கின் விளிம்பு மட்டம்தான் வாய்க்காலில் நின்ற நீரின் உச்சம். நீர் எவ்வளவு ஆழம் ஓடியது என்பதை நேரடியாகச் சொல்லும் ஒரே சான்று அது.

குளங்கள் இருந்தால் கொள்ளளவைக் கணக்கிடுங்கள். அவை பெரும்பாலும் இரவு நீரைச் சேமித்துப் பகலில் விடுவதற்காக, அல்லது வறண்ட வாரங்களைத் தாண்டுவதற்காக. சுரங்கத்துக்காகவே நீரைச் சேமிக்கும் கலை ஜெர்மனியின் ஹார்ஸ் மலையில் எட்டிய உயரம் வேறெங்கும் இல்லை. 1715 முதல் 1722 வரை கட்டிய ஓடர்டைக் அணை 19ஆம் நூற்றாண்டின் இறுதிவரை ஜெர்மனியின் மிகப்பெரிய அணையாக இருந்தது. அந்த நீர்வலை முழுவதும் 2010 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். அணை உடைந்த கதைகளும் உண்டு. கம்பிரியாவின் கிரீன்சைடு ஈயச் சுரங்கத்துக்கு நீர் தந்த கெப்பல் கோவ் அணை 1927 அக்டோபரில் உடைந்து கிளென்ரிடிங் கிராமத்துக்குள் வெள்ளம் புகுந்தது. பள்ளத்தாக்கின் கீழ்ப்பகுதியில் காரணம் தெரியாமல் பரவிக்கிடக்கும் கற்குவியலுக்கு இப்படி ஒரு விளக்கமும் இருக்கக்கூடும்.

இரண்டாம் படி: வாய்க்கால் முடிந்து தூண்கள் தொடங்கும் இடம்

வாய்க்காலின் கடைசி முனைக்கும் சக்கரத்தின் உச்சிக்கும் இடையே மரத்தொட்டி போட்டுத் தண்ணீரைக் கொண்டுபோனார்கள். கன்னியாகுமரி மாவட்டத்து மாத்தூர் தொட்டிப்பாலத்தைப் பார்த்தவர்களுக்கு அமைப்பு உடனே புரியும். அளவுதான் சிறியது, தொட்டி பலகையால் ஆனது. பலகை போய்விட்டது, கல்தூண்கள் நிற்கும். தூண்களின் மேல்மட்டத்தை நம்பாதீர்கள், அவற்றின் தலைக்கற்கள் விழுந்திருக்கும். வாய்க்கால் முனையில் தொட்டி செருகியிருந்த கல்வாய் கிடைத்தால் அதுதான் நம்பத்தக்க மட்டம். அதன் அகலமே தொட்டியின் அகலம். மரத்தூண்களாக இருந்திருந்தால் தரையில் தட்டையான அடிக்கற்கள் சம தூரத்தில் தெரியும்.

மூன்றாம் படி: சக்கரக்குழி

நேரத்தில் பாதியை இங்கே செலவிடுங்கள். முதலில் குழியின் நீளம், அகலம், தெரியும் ஆழம். பிறகு இரு பக்கச் சுவர்களின் உட்புறத்தை 1:20 அளவில் வரையுங்கள், அல்லது 70 முதல் 80 சதவீதம் ஒன்றன்மேல் ஒன்று படியும் ஒளிப்படங்கள் எடுத்து முப்பரிமாண மாதிரி செய்யுங்கள். மேகமூட்டமான நாள் இதற்கு நல்லது. வெயிலில் குழியின் ஒரு சுவர் கருத்துவிடும்.

குழியின் நீளத்தை வைத்து விட்டத்தைச் சொல்வது பரவலான தவறு. வேலையாள் இறங்கிப் பழுதுபார்க்க இடம் விட்டுத்தான் குழியைக் கட்டுவார்கள். சில சக்கரங்கள் பாதிதான் குழிக்குள் இருக்கும், மீதி தரைக்கு மேலே. விட்டத்துக்குச் சரியான சான்று சுவரில் இருக்கும் உராய்வு வளைவு. பேரிங் தேய்ந்து சக்கரம் ஒருபக்கம் சாயும்போது வளையத்தின் விளிம்பும் போல்ட் தலைகளும் சுவரைக் கீறும். அந்தக் கீறல் ஒரு வட்டத்தின் பகுதி. டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடித்தால் பளிச்சென்று தெரியும்.

வளைவின் இரண்டு புள்ளிகளுக்கு இடையே 3 மீட்டர் நூலைக் கட்டுங்கள். நூலின் நடுவிலிருந்து வளைவுக்குச் செங்குத்தாக உள்ள உயரத்தை அளங்கள். ஆரத்துக்கான சூத்திரம்:

ஆரம் = (நூல் நீளம் × நூல் நீளம்) ÷ (8 × நடு உயரம்) + (நடு உயரம் ÷ 2)

நடு உயரம் 25.3 செ.மீ. வந்தால் ஆரம் 4.57 மீட்டர், விட்டம் 9.14 மீட்டர், அதாவது சரியாக 30 அடி. நடு உயரத்தில் 5 மில்லிமீட்டர் பிசகினால் விட்டம் ஏறத்தாழ 17 செ.மீ. மாறிவிடும். ஆகவே மூன்று வெவ்வேறு இடங்களில் அளந்து சராசரி எடுங்கள். விடை ஒரு முழு அடி எண்ணுக்கு அருகில் வந்தால் நம்பலாம், இந்தச் சக்கரங்களை அடிக்கணக்கில்தான் செய்தார்கள்.

ஒரே சுவரில் மையம் வேறுபட்ட இரண்டு வளைவுகள் இருந்தால் இரண்டு சக்கரங்கள். சுரங்கங்கள் பழைய சக்கரத்தை வாங்கி, விற்று, இடம் மாற்றிக்கொண்டே இருந்தன. குழியைக் குறுக்கப் புதிதாக எழுப்பிய உட்சுவர், பழைய சுவரோடு பிணையாமல் நேராக நிற்கும் மூட்டு, மாறிய சாந்தின் நிறம் ஆகியவை அந்த மாற்றத்தின் அடையாளங்கள். பக்கங்களில் சேர்ந்த காவிநிற இரும்புப் படிவையும் கவனியுங்கள். தண்ணீர் தெறித்த எல்லையை அது காட்டும்.

அடுத்து அச்சு. இரு சுவர்களின் தலையிலும் அச்சைத் தாங்கிய பெரிய கற்கள் இருக்கும், அவற்றில் போல்ட் துளைகள், சிலவற்றில் ஈயம் ஊற்றிய தடம். இரண்டு பக்கத்துத் துளைகளும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா பாருங்கள். அச்சின் மட்டம், உராய்வு வளைவின் மையம் இரண்டும் பொருந்த வேண்டும். எந்தச் சுவர் தடிமனோ, எந்தப் பக்கம் இன்னொரு குறுகிய பள்ளம் இருக்கிறதோ, அந்தப் பக்கத்தில்தான் விசை வெளியேறியது. சக்கரத்தை ஒட்டிய மிகக் குறுகிய, ஆழமான பிளவு கிராங்க் சுற்றிய இடம். அகலமான பள்ளமும் அடுத்து ஒரு கட்டடமும் இருந்தால் பற்சக்கர இணைப்பு.

சுற்றிய திசையைச் சொல்வது எளிது. தண்ணீர் உச்சியைத் தாண்டி அப்பால் விழுந்தால் சக்கரத்தின் அடிப்பகுதி தண்ணீர் வந்த பக்கம் நோக்கி நகரும். உச்சிக்குச் சற்று முன்பே இப்பக்கம் விழுந்தால் அடிப்பகுதி, பயன்பட்ட நீர் வெளியேறும் வடிவாய்க்கால் ஓடும் திசையிலேயே நகரும். லாக்ஸி இரண்டாம் வகை. வெள்ளக் காலத்தில் குழியில் நீர் தேங்கும்போது இந்த வேறுபாடு பெரிது. முதல் வகைச் சக்கரம் தேங்கிய நீரை எதிர்த்து உழும், இரண்டாவது அதைத் தள்ளிக்கொண்டே போகும். தண்ணீர் நுழையும் பக்கத்துச் சுவர் சக்கரத்தை அணைத்தாற்போல வளைந்து கட்டப்பட்டிருந்தால் அது நெஞ்சுமட்டத்தில் நீர் வாங்கிய சக்கரம், உச்சிவரை தண்ணீர் போகவில்லை.

நான்காம் படி: உயரக் கணக்கு

இப்போது எல்லா மட்டங்களையும் ஒரே தாளில் எழுதுங்கள். ஒரு மாதிரிக் கணக்கு:

தடுப்பணை 312.4 மீட்டர் மட்டத்தில் இருக்கிறது. 2.05 கிலோமீட்டர் வாய்க்கால் 4.1 மீட்டரை எடுத்துக்கொண்டது. தொட்டிப்பாலம் 0.2, சக்கரத்தில் விழும் இடைவெளி 0.3, சக்கரம் 9.14, அடியில் விட்ட இடைவெளி 0.36, வடிவாய்க்கால் 0.3. மொத்தச் செலவு 14.4 மீட்டர். ஆகவே வடிவாய்க்கால் 298.0 மட்டத்தில் முடிகிறது. ஆனால் ஓடை 293.5இல்தான் ஓடுகிறது. மீதி 4.5 மீட்டர்.

இந்த 4.5 மீட்டரை விட்டுவைத்திருக்க மாட்டார்கள். 12 அடிச் சக்கரம் ஒன்றைக் கீழே தேடுங்கள். தாது கழுவும் தளம் அங்கேதான் இருக்கும்.

திறனுக்கு வருவோம். குழியின் அகலம் 1.5 மீட்டர் என்றால் சக்கரம் 4 அடி அகலம் இருந்திருக்கும், சக்கரத்தின் இரு பக்க வளையங்களுக்கு இடையே தண்ணீரை ஏந்தும் வாளியின் அகலம் சுமார் 1 மீட்டர். வாளியின் ஆழம் 0.3, விளிம்பு வேகம் விநாடிக்கு 1.5 மீட்டர், வாளி மூன்றில் ஒரு பங்கு நிறைந்தது என்று கொண்டால் விநாடிக்கு 150 லிட்டர். 9 மீட்டர் வீழ்ச்சி, 65 சதவீதத் திறன் என்றால்: 9.81 × 0.15 × 9 × 0.65 = 8.6 கிலோவாட், சுமார் 11.5 குதிரைத்திறன். சக்கரம் நிமிடத்துக்கு மூன்று சுற்றுக்குச் சற்று மேல்.

அந்த 150 லிட்டரை வாய்க்கால் தந்திருக்குமா? அகலம் 0.8, நீராழம் 0.4, சரிவு 1:500, கரடுமுரடுக் கெழு 0.035 என்று, வாய்க்காலின் வடிவத்திலிருந்தும் சரிவிலிருந்தும் நீரோட்டத்தைக் கணக்கிடும் மானிங் சூத்திரத்தில் இட்டால் விநாடிக்கு 140 லிட்டர் வருகிறது. பொருந்துகிறது. இரண்டு எண்களும் இரண்டு மடங்குக்கு மேல் விலகினால் அந்த வாய்க்காலும் அந்தச் சக்கரமும் ஒரே காலத்தவை அல்ல என்று சந்தேகிக்க வேண்டும்.

ஐந்தாம் படி: சக்கரம் எதை ஓட்டியது

இறைப்பு என்றால் ஷாஃப்ட் தொலைவில் இருக்கும். சக்கரத்தை நீர் கிடைக்கும் இடத்தில்தான் வைக்க முடியும், ஷாஃப்டைத் தாது இருக்கும் இடத்தில்தான் தோண்ட முடியும். இரண்டையும் இணைத்தது இழுகம்பி. இரும்புக் கம்பிகளைக் கோத்து, உருளைகளின் மேலோ ஆடும் கால்களின் மேலோ தாங்கி, முன்னும் பின்னும் இழுத்தார்கள். தடம் அம்புபோல நேராகப் போகும். மேடு வந்தால் குறுகலாக வெட்டியிருப்பார்கள், பள்ளம் வந்தால் சிறு கல்மேடைகள். திசை திரும்பும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு துலாக்குழி, அதாவது இழுப்பைத் திருப்பிவிடும் துலா ஆடிய குழி, இருந்தாக வேண்டும்.

இழுகம்பியால் இழுக்கத்தான் முடியும், தள்ளினால் வளைந்துவிடும். ஷாஃப்டுக்குள் தொங்கும் பம்புத்தண்டின் எடைதான் அதைத் திரும்ப இழுத்தது. தண்டு மிகக் கனமானால் சக்கரத்தால் தூக்க முடியாது. அதற்காக ஷாஃப்ட் வாயில் எடைத்துலா வைத்தார்கள், நம் ஏற்றத்தில் துலாவின் பின்முனையில் கல் கட்டுவது போலவே, ஒரு முனையில் கற்கள் நிரப்பிய பெட்டி. ஷாஃப்டை ஒட்டி, இழுகம்பித் தடத்தின் நேர்கோட்டில், இரு பக்கமும் சுவர் எழுப்பிய 3 முதல் 5 மீட்டர் நீளக் குழி தெரிந்தால் அதுதான் துலாக்குழி. சிறிய சக்கரக்குழி என்று இதைத் தவறாகக் குறிப்பது அடிக்கடி நடக்கும். வாய்க்காலும் இல்லை, வடிவாய்க்காலும் இல்லை என்பதே இரண்டையும் பிரிக்கும் சோதனை.

மேலே கணக்கிட்ட 8.6 கிலோவாட் சக்கரம், இழுகம்பி, பம்பு இழப்புகள் போக 70 சதவீதத்தைத் தந்தால், 100 மீட்டர் ஆழத்திலிருந்து நிமிடத்துக்கு ஏறத்தாழ 370 லிட்டர் இறைக்கும். அந்த ஆழத்துக்குக் கீழே சுரங்கம் போயிருந்தால் இன்னொரு சக்கரமோ நீராவி இயந்திரமோ வந்திருக்க வேண்டும்.

நொறுக்கு என்றால் சக்கரத்தோடு ஒட்டிய கட்டடம். ஈயத்தாது மென்மையானது. உலக்கையால் இடித்தால் மாவாகி நீரோடு போய்விடும், ஆகவே ஈயச் சுரங்கங்களில் இரண்டு இரும்பு உருளைகளுக்கு நடுவே விட்டு நசுக்கினார்கள். கட்டடத்தின் மேல்தளத்துக்குத் தாது வண்டி வர ஒரு சரிவு, கீழ்த்தளத்தில் நொறுங்கியது விழ இடம், இரண்டுக்கும் நடுவே கனத்த அடிக்கற்களில் பெரிய போல்ட் துளைகள். லானிட்லோஸ் அருகே கிளவெடாக் அணையின் அடியில் இருக்கும் பிரின்டெயில் ஈயச் சுரங்கத்தில் இந்த அடுக்கை நடந்தே பார்க்கலாம். தகரத்துக்கோ கெட்டியான தாது. அங்கே உலக்கை வரிசை. 250 கிலோ எடையுள்ள 12 உலக்கைகளை 23 செ.மீ. தூக்கி நிமிடத்துக்கு 45 முறை விட 5 கிலோவாட் வேண்டும், உராய்வு தனி. இடித்த அதிர்வைத் தாங்கப் போட்ட அடிமரங்களின் காடியும், வரிசையாகத் தேய்ந்த கல்லும் சான்று.

ஏற்றிறக்கம் என்றால் வடச்சுருள் உருளையின் இடமும் ஷாஃப்டை நோக்கிய பார்வையும் வேண்டும். சக்கரத்தை இரு திசையிலும் சுற்ற, எதிரெதிராக வைத்த இரண்டு வரிசை வாளிகளைப் பூட்டும் முறை மத்திய ஐரோப்பாவில் வழக்கம். வழக்கத்தைவிட அகலமான குழியும், உச்சியில் இரண்டு நீர்வாய்களும் அதன் தடயம்.

பெருஞ்சக்கரம் இல்லாத நீர்விசை

வாய்க்கால் குழியின் உச்சியைவிட 40, 50 மீட்டர் மேலே முடிந்தால் கணக்கு பிசகிவிட்டதென்று கலங்க வேண்டாம். கீழ்நோக்கி ஒரு குழாய்த்தடம் தேடுங்கள். சரிவில் நேராக இறங்கும் ஆழமற்ற வெட்டு, இடைவெளிவிட்டுத் தாங்குகற்கள், கீழே சிறிய கான்கிரீட் மேடை. 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் வந்த, குழாயிலிருந்து பீறிடும் நீர் அடித்துச் சுற்றும் பெல்டன் சக்கரம் அங்கே இருந்திருக்கும். ஆள் உயரம்கூட இல்லாத அது 60 அடிச் சக்கரத்தின் வேலையைச் செய்யும். குழாயில் நீரழுத்தத்தால் உருளைக்குள் பிஸ்டனைத் தள்ளும் இயந்திரங்களும் உண்டு. லாக்ஸியில் 1881இல் அமைத்த ஆளேற்றும் இயந்திரம் அப்படித்தான் ஓடியது. பிறகு டைனமோ வந்தது. கோலார் தங்கவயலுக்கு 1902இல் சிவசமுத்திரத்துக் காவிரி அருவியிலிருந்து சுமார் 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்ததும் இந்த வரிசையில் வருவதுதான். இழுகம்பியின் இடத்தை மின்கம்பி பிடித்துக்கொண்டது.

மரம் கிடைத்தால்

சேற்றில் புதைந்த வாளிப்பலகை, தொட்டித்துண்டு, அச்சுமரம் எதுவும் தெரிந்தால் வெளியே இழுக்காதீர்கள். நீரில் ஊறிய மரத்தின் செல்களைத் தண்ணீர்தான் தாங்கிப் பிடித்திருக்கிறது. உலர்ந்தால் சுருங்கி, வெடித்து, சில நாட்களில் உருத்தெரியாமல் போகும். படமெடுத்து, அளவோடு இடத்தைக் குறித்து, ஈரச்சேற்றாலேயே மூடிவிட்டு உள்ளூர்த் தொல்லியல் அதிகாரிக்குச் சொல்லுங்கள். ஆண்டு வளையக் காலக்கணிப்புக்குக் குறைந்தது 50 வளையங்கள் வேண்டும், 80க்கு மேல் இருந்தால் நல்லது. பட்டையை ஒட்டிய வெளிமரம் இருந்தால்தான் மரம் வெட்டிய ஆண்டு கிடைக்கும். செதுக்கிய பலகையில் அது பெரும்பாலும் இருக்காது, முரட்டு அடிமரத்தில் இருக்கும். அச்சுமரம் பழைய சக்கரத்திலிருந்து எடுத்துப் போட்டதாகவும் இருக்கலாம் என்பதால் மரத்தின் வயதையே குழியின் வயதாக எழுதிவிடாதீர்கள்.

பதிவு

இறுதி வரைபடத்தில் மூன்று வகைக் கோடு போதும். கண்ணால் பார்த்து அளந்தது முழுக்கோடு, பழைய வரைபடத்திலிருந்து எடுத்தது விட்டுவிட்ட கோடு, உயரக் கணக்கால் ஊகித்தது புள்ளிக்கோடு. அந்த 12 அடிச் சக்கரம் தரையில் கிடைக்கவில்லை என்றால் புள்ளிக்கோட்டில் போட்டு, பக்கத்தில் 4.5 மீட்டர் என்ற எண்ணையும் எழுதுங்கள். மட்டப்புள்ளிகளின் மூலப் பட்டியலையும் அந்த வட்டாரத்தின் தொல்சின்னப் பதிவேட்டில் வரைபடத்தோடு சேர்த்துக் கொடுங்கள். பிறகு ஒருமுறை, இரண்டு நாள் தொடர்மழை பெய்த மறுநாள் அதே இடத்துக்குப் போங்கள். இடிந்த வாய்க்கால்களில் தண்ணீர் தானாக ஓடும், மறந்துபோன கலிங்குகள் வழியும். கோடையில் எவ்வளவு தேடியும் தெரியாத வடிவாய்க்காலின் வாய் புல்லுக்கடியிலிருந்து பொங்கிவரும் இடத்தை அன்றைக்குக் குறித்துக்கொள்ளலாம்.